ரெட்டை ஏழு யார் பேரில்?

"ஊர்ல ஒருத்தரும் சாகமாட்டேங்கறாங்க" என்றார் சவப்பெட்டிக்கடைக்காரர்.

இதைப் புகாராக எடுத்துக்கொள்வதா, நற்செய்தியாக எடுத்துக்கொள்வதா என்று ரேடியோவுக்குப் புரியவில்லை. தன் முதலாளியைப் பார்த்தான். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டிருந்தார். அப்படியென்றால் புகார்தான்.

முதலாளியம்மாவை ஊரில் தந்தி என்பார்கள். ஐந்தாவது சொல்லுக்குக் கட்டணம் கூடிவிடும் என்பதுபோலப் பேசுவார். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் சொல்லிப் பணம் கேட்பவர்களைப் பிடிக்கும் வேலையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, பிறகு சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவர். அவருடைய உதவியாளன் ரேடியோவுக்கு ஏன் அந்தப் பெயர் என்பது அவனைச் சந்தித்த எல்லோருக்கும் உடனே விளங்கிவிடும். எதிரே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒலிபரப்பு நடக்கும்.

"எத்தனை நாளா?" என்றார் தந்தி.

"பத்து நாளுக்கு மேலயே ஆச்சு மேடம். ஒரு போன் இல்ல. ராத்திரி பகல்னு அடிச்சுக்கிட்டே இருந்த போன் இது."

"டாக்டருங்க திருந்திட்டாங்களோ என்னவோ" என்றான் ரேடியோ.

கடைக்காரர் சிரிக்கவில்லை. அவர் தொழிலில் வாடிக்கையாளர் போன பிறகுதான் வருவார். சிரிக்கத் தோதான நேரம் எதுவென்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. புருவத்தில் மரத்தூள் ஒட்டியிருந்தது. பின்கட்டிலிருந்து வார்னிஷ் வாசனை வந்தது. சுவரில் ஒரு பலகை நிறையப் பித்தளைக் கைப்பிடிகள், விலைச்சீட்டு இல்லாமல்.

"ஆனா ஒண்ணு சார்" என்று தொடர்ந்தான் ரேடியோ. "வர்ற வழியில இடுகாட்டைப் பார்த்தேன். புதுக் குழி ரெண்டு. மண்ணு இன்னும் ஈரம் காயல. ஆளுங்க செத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. உங்ககிட்ட சொல்லாம சாகறாங்க."

கடைக்காரரின் முகம் அந்த வினாடியே கறுத்தது. "பாலத்துக்காரன்" என்றார்.

"யாரு?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் கடை வெச்சிருக்கான். கண்ணாடிக் கதவு, பூ ஜாடி, வாசல்ல நீரூற்று. அவன்தான் ஏதோ வேலை பண்ணியிருக்கான்."

மேஜையின் மேல் சாம்பல் நிற டெலிபோன் ஒன்று இருந்தது. கடைக்காரர் ரிசீவரை எடுத்துத் தந்தியின் காதருகே நீட்டினார். டயல் டோன் கணீரென்று கேட்டது.

"பாருங்க. போன் நல்லா உயிரோட இருக்கு."

"நம்பர்?"

சொன்னார். கடைசியில் இரண்டு ஏழு. அந்த ஊரில் யாருக்கும் அதை எழுதிக்கொள்ளத் தேவையிருக்கவில்லை. வண்டியின் பின்கதவில் எழுதியிருந்தது, கடைப்பலகையில் எழுதியிருந்தது, பேச்சிலும் புகுந்துவிட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் ஒருவருக்கு முடியவில்லை என்றால், "ரெட்டை ஏழுக்குச் சொல்லியாச்சா?" என்று தாழ்ந்த குரலில் கேட்பார்கள். தேர்தலில் தோற்றவரையும் கேட்பார்கள், தாழ்த்தாத குரலில்.

"கம்பெனி மாத்தினீங்களா?" என்றார் தந்தி.

பதில் பக்கத்து அறையிலிருந்து வந்தது. பதிலோடு ஓர் இளைஞரும் வந்தார். கோட்டு, கழுத்துப்பட்டை, கையில் டேப்லெட். கடைக்காரரின் மருமகன்.

"நான்தான் மேடம் மாத்தினேன். பழைய கம்பெனி சுத்த மோசம். புதுக் கம்பெனியில பாதிச் செலவு, இன்டர்நெட்டும் சேர்த்து. நம்பர் அப்படியே இருக்கும்னு சொல்லித்தான் குடுத்தாங்க. அதோட ஆட்டோமேடிக் வாய்ஸ் வேற. கேக்கறீங்களா?"

யாரும் ஆமாம் என்று சொல்லவில்லை. அவர் ஒரு பொத்தானைத் தட்டினார். தேன் தடவிய பெண் குரல் ஒன்று பேசியது. "எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள். அடக்கத்துக்கு எண் ஒன்றை அழுத்தவும். தகனத்துக்கு எண் இரண்டை அழுத்தவும். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்."

"மூணு அழுத்தினா?" என்றான் ரேடியோ.

"திரும்ப முதல்ல இருந்து சொல்லும்."

"ஆள் திரும்பி வருவாரோன்னு பார்த்தேன்."

"இதுக்கு முன்னாடி யாரு போன் எடுப்பாங்க?" என்றார் தந்தி.

"அதுக்குன்னு ஒரு ஆள் இருந்தாங்க. ஓய்வு குடுத்துட்டோம்" என்றார் மருமகன். கடைக்காரர் குனிந்து தரையில் கிடந்த மரச்சுருள் ஒன்றைப் பொறுக்கினார். பின்பு இன்னொன்றைப் பொறுக்கினார்.

தந்தி தன் கைபேசியை எடுத்து ரெட்டை ஏழுக்கு அடித்தார். எல்லோரும் மேஜை டெலிபோனைப் பார்த்தார்கள். அது சும்மா இருந்தது. ஆனால் தந்தியின் காதில் மணி அடித்தது. இரண்டாவது மணியில் யாரோ எடுத்தார்கள்.

"சொல்லுங்க" என்றது ஒரு பெண் குரல். அவசரமில்லாத, வயதான குரல். "நின்னுக்கிட்டா பேசறீங்க? மொதல்ல உட்காருங்க. பக்கத்துல யாரு இருக்காங்க?"

தந்தி ஒரு கணம் தயங்கினார். "தப்பான நம்பர்" என்றார்.

"நல்லதும்மா. இந்த நம்பருக்குத் தப்பா வர்றதுதான் நல்லது" என்று சொல்லிவிட்டு அந்தக் குரல் வைத்துவிட்டது.

அடுத்து தந்தி மேஜை டெலிபோனிலிருந்து தன் கைபேசிக்கு அடித்துப் பார்த்தார். திரையில் வந்த எண்ணில் ஏழு என்ற இலக்கமே இல்லை.

"இது உங்க நம்பர் இல்ல" என்றார் கடைக்காரரிடம்.

"அப்ப என் நம்பர்?"

"வேற வீட்ல அடிக்குது."

"பத்து நாளா உங்க நம்பருக்கு நீங்க ஒரு தடவைகூட அடிச்சுப் பார்க்கலையா சார்?" என்றான் ரேடியோ.

"எனக்கு நானே எதுக்குப்பா போன் பண்ணணும்?" என்றார் கடைக்காரர். நியாயமான கேள்விதான். மருமகன் டேப்லெட்டில் எதையோ மும்முரமாகத் தேடத் தொடங்கியிருந்தார்.

வெளியே வந்ததும் ரேடியோ பெருமூச்சு விட்டான். "தந்தி, ரேடியோ, இப்ப டெலிபோன். தபால்காரரையும் ஒரு வார்த்தை கூப்பிட்டுக்கலாமா மேடம்?"

"பாலம்" என்றார் தந்தி.

* * *

பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் கடையில் நீரூற்று ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. உள்ளே மெத்தை நாற்காலிகள். காகிதக் கைக்குட்டைப் பெட்டிகள் கைக்கெட்டும் தூரத்தில் எல்லாப் பக்கமும் வைக்கப்பட்டிருந்தன. எங்கே உட்கார்ந்து அழுதாலும் வசதி.

கடை முதலாளி உயரமானவர், மெல்லிய குரல். தந்தி யார் என்று தெரிந்ததும் கதவைச் சாத்திவிட்டு வந்தார். தப்பு செய்தவர்போல இல்லை. யாராவது வரமாட்டார்களா என்று காத்திருந்தவர்போல இருந்தார்.

"அந்தம்மாவைப் பத்தித்தானே?" என்றார். "தயவு செஞ்சு யாருன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. எனக்கே தூக்கம் இல்ல."

"வியாபாரம் கூடியிருக்குமே" என்றான் ரேடியோ.

"கூடியிருக்கு. அதுதான் பயமா இருக்கு. கடை போனுக்குக் கூப்பிடுவாங்க, அதுல நம்பர் தெரியாது. இன்ன தெருவுல இன்ன வீடு, வண்டி அனுப்புங்கம்பாங்க. கமிஷன் எவ்வளவுன்னு கேட்டேன். வெச்சுட்டாங்க. மறுநாள் கூப்பிட்டு, உங்க டிரைவர் அந்த வீட்டு வாசல்ல சிகரெட் பிடிச்சானாமேன்னு திட்டினாங்க. வண்டிக் கதவை அறைஞ்சு சாத்தக்கூடாதாம், அந்தச் சத்தத்துலதான் வீட்டு ஆளுங்க உடைஞ்சு போவாங்களாம். இத்தனை வருஷத்துல எனக்கு யாரும் சொல்லித்தரல."

"வேலைக்குக் கூப்பிட்டுப் பார்க்கலையா?"

"கூப்பிட்டேனே! கேக்கற சம்பளம் தர்றேன்னேன். எனக்கு ஏற்கெனவே ஒரு கடை இருக்குன்னாங்க."

தந்தி நிமிர்ந்தார். "உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?"

"அதுதான் மேடம் வேடிக்கை. பாலத்துக்காரரேன்னு கூப்பிடறாங்க. எனக்கு மொதல்ல புரியவே இல்ல. நான் எப்படிப் பாலத்துக்காரன்? பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்க அவங்கதானே?"

தந்தி எழுந்துவிட்டார். "நன்றி" என்றார்.

வாசலில் நின்ற வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் தன்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டதை ரேடியோ கவனித்தான். நேரே போய் விசாரித்தான். அவர் சவப்பெட்டிக்கடைக்காரரின் டிரைவர். வேலையே இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் சென்ற வாரம் பாலத்தைத் தாண்டியிருந்தார். கூடவே, இனி சிகரெட் பிடிப்பதில்லை என்றும் தானாக முன்வந்து சொன்னார்.

பாலத்தில் திரும்பி நடக்கும்போது ரேடியோ ஒலிபரப்பைத் தொடங்கினான். "எனக்குப் புரியற அளவுக்குச் சொல்றேன், தப்பிருந்தா நிறுத்துங்க. திருடினவங்க காசு வாங்கல. எதிரிக்கு வியாபாரத்தைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு, அவரையும் திட்டறாங்க. இப்படி ஒரு திருடரை நான் பார்த்ததில்ல. நம்ம ஆபீஸ்ல சேர்த்துக்கலாம்."

"நின்னுக்கிட்டா பேசறீங்கன்னு கேட்டாங்க" என்றார் தந்தி.

"நீங்க உட்கார்ந்துதானே இருந்தீங்க?"

"ஆமா. ஆனா மத்தவங்க நிப்பாங்க."

ரேடியோ யோசித்தான். அம்மாவோ அப்பாவோ போய்விட்டால் யார் உட்கார்ந்துகொண்டு போன் செய்வார்கள்? அது தெரிய வேண்டுமென்றால், அப்படிப்பட்ட போன்களை எத்தனை காலம் எடுத்திருக்க வேண்டும்?

"பாலத்துக்காரர்ங்கற பேரு ஒரே ஒரு கடைக்குள்ளதான் புழங்குது" என்றார் தந்தி. அன்று அதுவரை அவர் பேசியதிலேயே அதுதான் நீளமான வாக்கியம். அதன் களைப்போ என்னவோ, டெலிபோன் அலுவலகம் வரும்வரை வேறெதுவும் பேசவில்லை.

* * *

அது பழைய கம்பெனியின் அலுவலகம். கவுன்டரில் இருந்த பெண் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "மத்தவங்க நம்பர் விவரம் சொல்லமாட்டோம்" என்றார். தந்தி இன்னும் வாயையே திறக்கவில்லை.

"வேண்டாம்" என்றார் தந்தி. "எனக்குப் பொதுவா ஒண்ணு தெரியணும். கம்பெனி மாறினா நம்பரைக் கூடவே கொண்டுபோக என்ன பண்ணணும்?"

இது அந்தப் பெண்ணுக்குப் பிடித்த கேள்விபோல. திரையை விட்டுத் திரும்பி உட்கார்ந்தார்.

"மொதல்ல, பழைய லைனை ரத்து பண்ணக்கூடாதும்மா. எல்லாரும் அந்தத் தப்பைத்தான் பண்றாங்க. ரத்து பண்ணினா நம்பரும் அதோட போச்சு. நாளைக்கு வேற யாருக்காவது குடுத்துடுவாங்க. பழைய லைன் ஓடிக்கிட்டிருக்கும்போதே புதுக் கம்பெனிகிட்ட சொல்லணும். அவங்க எங்களைக் கேப்பாங்க. நாங்க லைன் யார் பேர்ல இருக்கோ அவங்களைக் கூப்பிட்டுக் கேப்போம். அவங்க சரின்னா நம்பர் போகும். அது வரைக்கும் பழைய இடத்துலயே அடிக்கும்."

"கேட்டவர் பேரு வேறயா இருந்தா?"

"திருப்பி அனுப்பிடுவோம். நம்பர் கடைக்குச் சொந்தமில்ல, கட்டடத்துக்குச் சொந்தமில்ல. யார் பேர்ல இருக்கோ அவங்களுக்குத்தான்."

"அவங்க வேற வீட்டுக்கு மாத்தணும்னா?"

"அதே வட்டாரம்னா தாராளமா."

தந்தி வெளியே வந்து கடைக்காரருக்குப் போன் செய்தார். இயந்திரக் குரல் ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்தது. வைத்துவிட்டுக் கைபேசிக்கு அடித்தார்.

"போன் யார் பேர்ல வாங்கினது?"

"நான் சின்னவனா இருந்தப்ப வந்தது மேடம். பில் வரும், கட்டுவோம். பேரையெல்லாம் யாரு பார்த்தா?"

"ஓய்வு குடுத்தீங்களே, அந்த ஆள் யாரு?"

அந்தப் பக்கம் இழைப்புளி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"எங்க அக்கா" என்றார் கடைக்காரர்.

* * *

அக்காவின் வீடு கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, தரைத்தளத்தில் இருந்தது. கதவைத் தட்டுவதற்கு முன் தந்தி ரெட்டை ஏழுக்கு அடித்தார். உள்ளே மணி அடித்தது. ரேடியோ தொப்பி இல்லாத தலையிலிருந்து தொப்பியைக் கழற்றுவதுபோல ஒரு பாவனை செய்தான்.

கதவைத் திறந்த அம்மாள் அறுபதைத் தாண்டியவர். வலது முழங்காலில் பட்டை சுற்றியிருந்தார். "யாரும்மா, என்ன வேணும்?" என்றார். "ஒரு விஷயம் பேசணும்" என்று தந்தி சொன்னதும் கண்ணைச் சுருக்கினார். "காலையில தப்பான நம்பர்னது நீங்கதானே? வாங்க, உள்ள வாங்க."

சன்னலோரம் ஒரு தையல் மெஷின். அதன் பலகை மேல் டெலிபோன். பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பும் மூக்குக்கண்ணாடியும். வேறு எந்தப் பொருளும் அந்த அறையில் இவ்வளவு ஒழுங்காக இல்லை.

"தம்பி அனுப்பினானா?" என்றார்.

"நம்பரைத் தேடச் சொன்னார்."

"நம்பரைத்தான் தேடறானா? சரி."

அந்தச் 'சரி'க்குப் பிறகு ரேடியோகூடக் கொஞ்சம் பொறுத்தே வாயைத் திறந்தான். "ஏம்மா இப்படிப் பண்ணினீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணல தம்பி. எனக்குத்தான் பண்ணினாங்க. முழங்கால் வலிக்குதே, வீட்ல இருங்க பெரியம்மான்னார் மாப்பிள்ளை. சரி, நல்ல மனசுன்னு நெனச்சேன். நாலாவது நாள் பழைய கம்பெனியில இருந்து என் கைபேசிக்குக் கூப்பிட்டாங்க. உங்க நம்பரை வேற ஒருத்தர் அவர் பேர்ல கேக்கறார், குடுக்கலாமான்னு. இன்னொன்னும் சொன்னாங்க. அதே ஆள் அதுக்கு முந்தின நாள் இந்த லைனையே ரத்து பண்ணச் சொல்லியிருக்கார். புதுசு வந்துடுச்சு, பழசு எதுக்குன்னு. பேரு ஒத்துவராததால ரத்து பண்ணலையாம்."

ரேடியோ தந்தியைப் பார்த்தான். தந்தி மெல்லத் தலையை ஆட்டினார். லைன் மட்டும் கடைக்காரர் பேரிலோ மருமகன் பேரிலோ இருந்திருந்தால், ரெட்டை ஏழு அன்றைக்கே செத்திருக்கும். இந்நேரம் யாராவது பல் டாக்டர் வீட்டில் அடித்துக்கொண்டிருக்கும். திருட்டுப் போனதாக அவர்கள் தேடி வந்த பொருள் திருட்டுப் போகவில்லை. அது தப்பிப் பிழைத்ததே இந்த அம்மாளின் பேரால்தான்.

"உங்க பேர்ல எப்படி?" என்றார் தந்தி.

"நான் வாங்கின போன்மா அது. தையல் கடை வைக்கணும்னு இருந்தேன். அப்பல்லாம் போனுக்கு எழுதிப் போட்டா வருஷக்கணக்குல காத்திருக்கணும். வரிசையில என் பேரு வந்தப்ப அப்பா இல்ல. தம்பி சின்னவன். பெட்டி செய்யத் தெரியும், பேசத் தெரியாது. சரின்னு போனைக் கொண்டுபோய் அங்க வெச்சேன். நானும் அங்கேயே உட்கார்ந்துட்டேன்."

"குடுக்கமாட்டேன்னு சொல்லிட்டீங்களா?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன். யாரு கேட்டா? கடை அலமாரி சாவி எங்க இருக்குன்னு கேக்க மட்டும் தம்பி புது நம்பர்ல இருந்து ஒரு தடவை கூப்பிட்டான். லைனை வீட்டுக்கு மாத்திக்கிட்டேன். ரெண்டு நாள் கோவமா இருந்துட்டு விட்டுடலாம்னுதான் நெனச்சேன். அன்னைக்கே ஒரு போன். சின்னப் பொண்ணு, அப்பா போயிட்டாராம். உடனே கடைக்கு அடிச்சேன். ஒண்ணு அழுத்து, ரெண்டு அழுத்துன்னுச்சு. எல்லாத்தையும் அழுத்திப் பார்த்தேன். அக்கா பேசறேன்னு சொல்றதுக்கு அதுல ஒரு எண்ணும் இல்ல. தம்பி கைபேசிக்கு அடிச்சேன். மரம் அறுக்கற மெஷின் ஓடிக்கிட்டிருந்திருக்கும், எடுக்கல. அந்தப் பொண்ணைக் காக்க வைக்க முடியுமா? பாலத்துக்காரருக்குச் சொன்னேன்."

"அப்புறம் வந்ததுக்கெல்லாம்?"

அக்கா சொம்பை இடம் மாற்றி வைத்தார். "அப்புறம் வந்ததெல்லாம் கோவத்துல அனுப்பினது" என்றார்.

கதவு தட்டப்படவில்லை, தள்ளப்பட்டது. கடைக்காரர் வேகமாக உள்ளே வந்தார். பின்னாலேயே மருமகன், கோட்டு இல்லாமல்.

"என் நம்பரைக் குடு" என்றார் கடைக்காரர்.

"என் நம்பர்" என்றார் அக்கா.

"டிரைவர் போயிட்டான். பெட்டிங்க அடுக்கி வெச்சது அப்படியே இருக்கு. ஊர்ல என்னைப் பார்த்தா சிரிக்கறாங்க. கூடப் பொறந்தவ பண்ற காரியமா இது?"

"கூடப் பொறந்தவளைக் கடையை விட்டு அனுப்பினது யாரு?"

"நானா அனுப்பினேன்? மாப்பிள்ளை..."

"நீ எங்க இருந்தே அப்ப?"

 மருமகன் சுவரில் மாட்டியிருந்த காலண்டரின் தேதியைச் சரிபார்த்தார். அக்கா விருட்டென்று எழுந்து, முழங்காலைப் பிடித்தபடி சமையலறைக்குள் போனார். உள்ளே குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, தேவைக்கு மேல் நேரம்.

அப்போது போன் அடித்தது.

எல்லோரும் சமையலறை வாசலைப் பார்த்தார்கள். குழாய்ச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. மூன்றாவது மணியில் கடைக்காரர் தையல் மெஷினை நெருங்கினார். தன் தொழிலின் போனைத் தானே எடுத்து அவருக்குப் பழக்கமில்லை என்பது ரிசீவரைப் பிடித்த விதத்திலேயே தெரிந்தது.

"ஹலோ" என்றார். அந்தப் பக்கத்தில் யாரோ பேசினார்கள். பேச்சுக்கு நடுவில் உடைந்தார்கள். கடைக்காரர் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினார். ஏதாவது சொல்ல வேண்டும். அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"உயரம் எவ்வளவு?" என்றார்.

ரேடியோ கண்ணை மூடிக்கொண்டான்.

அக்கா எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. ரிசீவர் அவர் கையில் இருந்தது. "சொல்லும்மா" என்றார். "இல்லம்மா, அது என் தம்பி. அவனுக்குப் பதற்றம். நீ உட்காரு. உட்கார்ந்துட்டியா? கூட யாரு இருக்காங்க? பக்கத்து வீட்டம்மாவை வரச் சொல்லு. நான் இருக்கேன். மெதுவா சொல்லு." பிறகு வெகுநேரம் அவர் எதுவும் சொல்லவில்லை. இடையிடையே "ம்" என்றார். ஒரு 'ம்' போல இன்னொன்று இல்லை. கடைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை வருடம் அவர் பின்கட்டில் மரம் இழைத்துக்கொண்டிருந்தபோது முன்னறையில் நடந்தது இதுதான். அவர் காதில் விழுந்ததெல்லாம் மணிச் சத்தம் மட்டுமே.

அக்கா ரிசீவரை வைத்தார். "பள்ளிக்கூடத்துக்குப் பின்தெரு. பாட்டு டீச்சரோட வீட்டுக்காரர்" என்றார். மறுபடி எடுத்து எண்களை அழுத்தத் தொடங்கினார்.

"யாருக்கு?" என்றார் கடைக்காரர்.

"பாலத்துக்காரருக்கு."

"வேண்டாம். நான் போறேன்."

"யாரு வண்டி ஓட்டறது?"

"நான்தான்."

"நீ எந்த வீட்டுக்குள்ளயும் போனதே இல்லையேடா."

"தெரியும்" என்றார் கடைக்காரர். வாசல்வரை போனவர் நின்றார். திரும்பாமலே பேசினார். "அக்கா. நம்பரைக் கடைக்குக் கொண்டுவரலாமா?"

"இதைக் கேக்க உனக்கு இத்தனை நாளா?"

"கேக்கணும்னே தெரியல."

அக்கா கொஞ்ச நேரம் அவர் முதுகைப் பார்த்தார். "லைன் என் பேர்லதான் இருக்கும்" என்றார். "கடையில அடிக்கும். நான் வந்து எடுப்பேன். அந்த ஒண்ணு ரெண்டு சொல்ற பொம்பளையை அனுப்பிடணும்."

"அனுப்பிடறேன் பெரியம்மா" என்றார் மருமகன், மாமனாரை முந்திக்கொண்டு. "அப்புறம்... மன்னிச்சுடுங்க. மூணாவது நாளே தெரியும், நம்பர் வரலைன்னு. எப்படியாவது வந்துடும்னு நெனச்சு யார்கிட்டயும் சொல்லல."

"அது நல்லாத் தெரியுது" என்றார் தந்தி.

கடைக்காரர் போனதும் மருமகன் புதுக் கம்பெனியைக் கூப்பிட்டு, இம்முறை சரியான பேரில், நம்பரைக் கடைக்கு மாற்றித் தரக் கேட்டார். பழைய லைனைத் தான் தொடப்போவதில்லை என்று தானாகவே இரண்டு தடவை சொன்னார். கொஞ்ச நேரத்தில் பழைய கம்பெனியிலிருந்து அக்காவுக்குப் போன் வந்தது. "ஆமா. நான்தான். சம்மதம்" என்றார் அக்கா. வைத்தார்.

"கேஸ் முடிஞ்சுது" என்றான் ரேடியோ. "பில் யார் பேர்ல மேடம் போடறது?"

தந்தி பதில் சொல்லுமுன் மீண்டும் மணி அடித்தது.

"சொல்லுங்க" என்றார் அக்கா. பிறகு குரல் மாறியது. "டேய், போய்ச் சேர்ந்துட்டியா?"

அறை அவ்வளவு அமைதியாக இருந்ததால் மறுமுனைக் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"வாசல்ல நிக்கறேன் அக்கா. உள்ள அழறாங்க. போய் என்ன சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாதே."

"ஒண்ணுமே சொல்லாமயா?"

"போய் நில்லு. அவங்களா சொல்லுவாங்க. கேட்டுக்கோ."

 "போனை வெச்சுடாதே" என்றார் தம்பி.

"வைக்கல. போ உள்ள."

ஏதோ ஒரு கேட்டின் கொக்கி விலகியது. காலடிகள். யாரோ ஒரு பெண் விம்மலுக்கு நடுவே எதையோ சொல்லத் தொடங்கினாள். கடைக்காரரின் குரல் கேட்கவே இல்லை.

தந்தி ரேடியோவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். இருவரும் சத்தமில்லாமல் வெளியே வந்தார்கள். சன்னல் வழியாகப் பார்த்தபோது அக்கா தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல்.